சிப்பில் விழுந்த கறை

ஜூன் 3, புதன்

இந்த டைரி போன வருஷம் சிமெண்டுக் கடையில் கொடுத்தது. ஒரு பக்கமும் எழுதாமல் கிடந்தது. கிழமையை மட்டும் அடித்துத் திருத்திக்கொள்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கொத்தனார் காசிராசன் டைரி எழுதுகிறான் என்று யாரும் சிரிக்க வேண்டாம். அந்த வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

மே மாதம் இருபத்திரண்டாம் தேதி, சாத்தூர் பைபாஸ் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வெளிப்பூச்சு. முதல் மாடி உயரத்துச் சாரத்திலிருந்து கீழே வந்துவிட்டேன். படி இருந்தது, ஆனால் படியில் வரவில்லை. வலது கால் எலும்பு விட்டுவிட்டது. ஏழு வாரம் மாவுக்கட்டு.

பலகை சறுக்கியதுதான் காரணம். சாரம் கட்டியவன் என் மச்சினன் வீரபுத்திரன். அன்றையிலிருந்து அவனுக்குப் 'பலகை மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பேரைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

முப்பது வருஷத்தில் பகலில் வீட்டில் இருந்ததே இல்லை. வீட்டுச் சுவரில் எங்கெங்கே பூச்சு கோணல் என்று இப்போதுதான் தெரிகிறது. நான் பூசியதுதான். எழுந்து போய்க் கொத்திவிடலாமா என்று கை அரிக்கிறது.

ஜூன் 4, வியாழன்

இன்று பதினோரு தடவை மணி பார்த்தேன். பத்தாவது தடவைக்கும் பதினோராவது தடவைக்கும் நடுவில் நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

ஜூன் 6, சனி

கனியின் பழைய லேப்டாப் பீரோ மேலே தூங்கிக்கொண்டிருந்தது. கனி என் மகள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். திறந்தால் வீட்டு பிளான் மாதிரியே கோடும் பெட்டியுமாக ஒன்று வந்தது. பிளானைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? போன் போட்டேன்.

"அப்பா, அதைத் தொடாதீங்க. அது என் புராஜெக்ட்."

"பாதியில நிக்குதே தாயி."

"பாதியிலதான் விட்டேன். பழைய காலத்து டிவி கேம்ல வரும்ல, கட்டம் கட்டமா, அந்த மாதிரி படம் வரையிற சிப்பு. நிஜச் சிப்பு இல்லப்பா. கம்ப்யூட்டருக்குள்ளேயே வயர் இழுத்து, ஓட விட்டுப் பார்க்கிறது. எனக்கு வரலை. கடையில செஞ்சு வச்ச புராஜெக்ட் ஒண்ணை வாங்கிக் கொடுத்துட்டேன்."

"வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டுட்டு ஓடியிருக்க. மீதிய நான் கட்டுறேன்."

அவள் சிரித்த சிரிப்புக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்திருக்கும்.

ஜூன் 8, திங்கள்

கனி தினமும் சாப்பாட்டு இடைவேளையில் போனில் சொல்லித் தருகிறாள். 'கேட்' என்று குட்டிக் குட்டிப் பெட்டிகள் இருக்கின்றன. வயரில் கரண்டு இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். நான் புரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன்.

அண்ட் கேட்: நானும் சீனியும் ரெண்டு பேரும் சரி என்றால்தான் கல்யாண வீட்டுக்குப் போவது.

ஆர் கேட்: ரெண்டு பேரில் ஒருவர் சரி என்றால் போதும்.

நாட் கேட்: சீனி தனி. நான் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்.

சீனி என்றது என் வீட்டுக்காரி சீனியம்மாள். சேவுக் கடையில் பாக்கெட் போடும் வேலை. இதை வாசித்துக் காட்டினேன். "ரொம்ப முக்கியம்" என்று சொல்லிவிட்டுச் சர்க்கரை போடாத டீயை வைத்துப் போனாள். காலுக்குக் கட்டுப் போட்ட அன்று ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்று நாற்பது என்றார்கள். "வீட்டிலேயே சீனி இருக்கும்போது ஏறாம என்ன செய்யும்" என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன். அந்தம்மா சிரிக்கவில்லை. கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்றது. சீனி அந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் பண்ணிவிட்டாள்.

ஜூன் 10, புதன்

இன்று பெரிய விஷயம் புரிந்தது. டிவியில் படம் மொத்தமாக வருவதில்லை. இடது பக்கம் ஆரம்பித்து ஒவ்வொரு புள்ளியாக வலது பக்கம் போய், ஒரு வரி முடிந்ததும் திரும்ப இடது பக்கம் வந்து அடுத்த வரி. செங்கல் கட்டுகிற மாதிரியேதான்! எத்தனாவது புள்ளி என்று எண்ண ஒரு கவுண்டர், எத்தனாவது வரி என்று எண்ண இன்னொரு கவுண்டர். ஒரு துடிப்புக்கு ஒரு புள்ளி நகரும், ஒரு வரிக்கு முந்நூற்று இருபது துடிப்பு. அதில் இருநூற்று ஐம்பத்தாறுதான் கண்ணுக்குத் தெரிகிற புள்ளி.

"மீதி அறுபத்து நாலும் எதுக்குன்னு கேளுங்க" என்றாள் கனி.

"ஒரு வரி முடிச்ச கொத்தனார் இந்தக் கோடிக்குத் திரும்ப நடந்து வர வேணாமா?"

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு, "எங்க சார் இதைப் புரிய வைக்க ரெண்டு வாரம் ஆச்சுப்பா" என்றாள்.

ஜூன் 12, வெள்ளி

சீனி மோர் கொண்டுவந்தாள். தம்ளரைப் பிடிக்கப் போன கை ரெண்டு விரல்கடை தள்ளிப் போய்விட்டது. மடியெல்லாம் மோர். தம்ளரை ஓரமாக நீட்டினால் அப்படித்தான்.

ஜூன் 13, சனி

முதல் படம்! ஒரு வெள்ளைச் சுவர், நாலு பக்கமும் கறுப்புக் கரை. இந்த லேப்டாப் கிழடு, ஒரு படம் நிரம்பக் கால் மணி நேரம் ஆகிறது. மேலேயிருந்து ஒவ்வொரு வரியாக வெள்ளை இறங்கியபோது கட்டுப் போட்ட காலை மறந்து எழுந்திருக்கப் பார்த்தேன்.

ஆனால் சுவர் சாய்கிறது. ஒவ்வொரு வரியும் முந்தின வரியைவிட ஒரு புள்ளி தள்ளி நிற்கிறது. கீழே வருவதற்குள் மொத்தச் சுவரும் குடித்தவன் மாதிரி சரிந்துவிட்டது. என் வாழ்நாளில் இப்படி ஒரு சுவர் கட்டியதில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

கனிக்கு லீவு. ஒவ்வொரு பெட்டியாகச் சொல்லச் சொன்னாள்.

"வரியை எங்கப்பா முடிக்கிறீங்க?"

"முந்நூத்தி இருபதுல."

"எப்படி எண்ணினீங்க?"

"லாபம், ரெண்டு, மூணு, நாலுன்னுதான். வேற எப்படி எண்ணுவாங்க?"

லாரியிலிருந்து கல் இறக்கும்போது முதல் கல்லை 'ஒன்று' என்று சொல்ல மாட்டோம். லாபம் என்றுதான் ஆரம்பிப்போம். வாய்க்கு அது பழகிவிட்டது.

கனி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, அது சுழியத்துல ஆரம்பிக்கும். சுழியம்தான் அதோட லாபம். முந்நூத்திப் பத்தொம்பதுல முடிக்கணும். நீங்க ஒவ்வொரு வரிக்கும் ஒரு துடிப்பு கூட விட்டிருக்கீங்க."

கல்லே வைக்காமல் கையை நீட்டிச் சுழியம் என்று எண்ணுகிறவனை எந்த மேஸ்திரி வேலைக்கு வைப்பான்? ஆனாலும் மாற்றினேன். கால் மணி நேரம். சுவர் நேராக நின்றது.

சீனியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெறும் வெள்ளையால்ல இருக்கு" என்றாள். பூசின சுவர் வேறு எப்படி இருக்கும்?

ஜூன் 16, செவ்வாய்

இன்று 'ஸ்பிரைட்' வைத்தேன். சோடா இல்லை. படத்தின் மேலே தனியாக நகர்கிற குட்டி உருவத்துக்கு அப்படிப் பேர். எட்டுக்கு எட்டுப் புள்ளியில் கறுப்புக் கோழி செய்தேன். சீனி பார்த்துவிட்டு, "செருப்பு நல்லா இருக்கு" என்றாள்.

சாயங்காலம் சுவரோரத்தை மட்டம் பார்த்தேன். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் ஓரத்தோடு ஓட்டிப் பார்ப்பேன், தூக்குக்குண்டு விடுகிற மாதிரி. ஓரம் சரிதான். ஆனால் படத்தின் நடுவில் ஒரு கறை. கட்டைவிரல் நகம் அளவு, கறுப்பு. ரெண்டு கண்ணையும் திறந்தால் மங்கிப் போகிறது. மட்டம் பார்க்கும்போது மட்டும் வந்து நிற்கிறது.

கோழியின் வயரில் எங்கோ தப்பு.

ஜூன் 17, புதன்

கறை நகர்கிறது. மேல் மூலையைப் பார்த்தால் மேல் மூலைக்கு வருகிறது. கீழே பார்த்தால் கீழே. சீட்டுக் கட்டாதவனைத் தேடி வருகிற மாதிரி பின்னாலேயே வருகிறது. நகருகிறது என்றால் ஸ்பிரைட்டாகத்தான் இருக்க வேண்டும். கோழி வயர் மொத்தத்தையும் பிடுங்கிவிட்டேன். நாளைக்குப் புதிதாக இழுக்க வேண்டும்.

ஜூன் 19, வெள்ளி

பலகை மாப்பிள்ளை டீயும் வடையும் வாங்கிக்கொண்டு வந்தான். தினமும் வருகிறான், வந்து காலடியில் உட்கார்ந்துகொள்கிறான்.

"மாப்ள, இந்தப் படத்தைப் பாரு. நடுவுல என்ன தெரியுது?"

"வெள்ளையா இருக்கு மச்சான்."

"கறுப்பா ஒண்ணும் இல்லையா? ஒரு கண்ணை மூடிப் பாரு."

மூடிப் பார்த்தான். மற்றக் கண்ணையும் மூடிப் பார்த்தான். "ஒண்ணும் இல்லயே."

"பலகையவே சரியாப் பார்க்கத் தெரியாதவனுக்கு இது எங்க தெரியப்போகுது!"

எப்போதும் அவனும் சேர்ந்து சிரிப்பான். இன்று சிரிக்கவில்லை. வடையைப் பிய்த்துப் பிய்த்துப் பொட்டணத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 22, திங்கள்

கோழி புதிது. கறை பழையது.

ஜூன் 25, வியாழன்

படத்தை போனில் பிடித்துக் கனிக்கு அனுப்பினேன். சுத்தமாக இருக்கிறது என்கிறாள். அந்த போன் கேமரா சரியில்லை.

அவள் வேறு வழி சொன்னாள். ஒரு பெட்டியை மாட்டிவிட்டால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒன்று போகிறதா சுழியம் போகிறதா என்று வரிசையாக எழுதிக் காட்டும். கறை தெரிகிற இடத்து வரிகளை எடுத்து, ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றாக விரல் விட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒன்று. வெள்ளை. ஒரு சுழியம்கூட இல்லை.

கறை இருக்கிறது. எழுத்தில் இல்லை.

வாசிக்கும்போதும் எழுத்து நடுவில் அழிந்து அழிந்து வந்தது. லேப்டாப் கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

ஜூன் 26, வெள்ளி

துடைத்தாயிற்று. மூன்று தடவை. சீனி, "அதுல என்ன அம்மனா இருக்கா, இந்தத் தேய் தேய்க்கிறீங்க?" என்றாள்.

ஜூன் 30, செவ்வாய்

நாலு நாளாக வீரபுத்திரன் வரவில்லை. சீனியிடம் கேட்டேன். பாத்திரத்தை டமால் டமால் என்று வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"அவனுக்கு வேலை இல்லை. மேஸ்திரி கூப்பிடுறது இல்லையாம். அவன் கட்டின சாரத்துல யாரும் ஏற மாட்டேங்குறாங்களாம். பேரை ஊருக்கெல்லாம் பரப்பிட்டீங்கள்ல?"

"விளையாட்டுக்குச் சொன்னது சீனி."

"உங்களுக்கு விளையாட்டு. அவன் வீட்ல உலை வைக்கணும்."

வேலையில் நொட்டை விட்டால் பேர் வரத்தான் செய்யும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஜூலை 1, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். வயர் இழுத்தேன்.

ஜூலை 5, ஞாயிறு

கண் முகாம். எங்கள் கல்யாணம் நடந்த மண்டபத்தில் இலவசமாகப் பார்க்கிறார்களாம். சீனி போன வாரமே பேர் கொடுத்துவிட்டாள். காலையில் ஆட்டோவே வந்து நின்றது.

"மாவுக்கட்டோட மூணு படி ஏறணும். வழுக்கி விழுந்தா யார் பொறுப்பு?"

"நான் பிடிச்சுக்கிறேன்."

"நீ பிடிச்சா ரெண்டு பேரும் விழுவோம். ஒரே மண்டபத்துல கல்யாணமும் பண்ணி கட்டும் போட்ட ஜோடின்னு பேர் வரும்."

ஆட்டோக்காரர் சிரித்தார். சீனி சிரிக்கவில்லை. ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு முற்றத்தில் நின்றாள், ரொம்ப நேரம். எனக்கு இன்றைக்குச் செய்ய நிறைய வேலை இருந்தது. படத்துக்குப் பின்னணியில் கட்டம் போட வேண்டும், மெமரியில் செங்கல் உருவம் எழுத வேண்டும். எதற்காகப் போகவில்லை என்று இங்கே எழுத உட்கார்ந்தேன். இதுதான் காரணம், வேலை இருந்தது.

ஜூலை 8, புதன்

கோழி நடக்கிறது! ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் கால் மணி நேரம் என்பதால் நாலு எட்டு வைக்க ஒரு மணி நேரம் ஆகிறது. எங்கள் ஊர் பஸ்ஸைவிட வேகம்தான். பின்னால் செங்கல் சுவர், வரிசை வரிசையாக, இணைப்பு மாறி மாறி, ஒழுங்காக. கனி பத்துப் பேருக்குக் காட்டினாளாம். "உங்க அப்பா எந்தக் காலேஜ்"னு கேட்டானாம் ஒருத்தன்.

சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். வலது கண்ணை மூடினால் கோழியின் தலை இல்லை.

ஜூலை 11, சனி

கட்டுப் பிரித்தார்கள். கால் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. எலும்பு கூடிவிட்டது, மெதுவாக நடக்கலாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்த அரை மணி நேரத்தில் மேஸ்திரி போன். இருபத்தேழாம் தேதி திங்கட்கிழமை ஆரம்பம், மூணாம் மாடி வெளிப்பூச்சு, ஓரம் பிடிக்க நான்தான் வர வேண்டுமாம். சரி என்றேன். உடனே சொன்னேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

"சாரம் யாரு?" என்று கேட்டேன்.

"புது ஆளு. உங்க மச்சினன் இல்ல, பயப்படாதீங்க" என்று சிரித்தார்.

சீனி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே நின்றாள். "கண்ணைக் காட்டிட்டு ஏறுங்க. இல்லாட்டி ஏறக் கூடாது. கால் எலும்பு கூடிருச்சு. எல்லாமே அப்படித் திரும்பி வராது."

"கண்ணுக்கு என்ன? கோழியையே எட்டுப் புள்ளியில செஞ்சிருக்கேன்."

ஜூலை 15, புதன்

கறைக்கு ஓரத்தில் இன்னொரு இழை முளைத்திருக்கிறது, சிலந்தி நூல் மாதிரி.

புள்ளித் துடிப்பு தரும் கடிகாரத்தை மாற்றினேன். மெமரியை மாற்றினேன். நிறம் போகிற வயரைத் தனியாக இழுத்தேன். ஒரு இடத்தில் ரெண்டு நிமிஷம் உட்கார முடியவில்லை. எழுந்து நடக்கிறேன், திரும்ப வருகிறேன், ஒரு கண்ணை மூடுகிறேன், திறக்கிறேன். தெருவில் போன ரெண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைப் பார்த்துப் பதிலுக்குக் கண்ணடித்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை 19, ஞாயிறு

வாசல்படி மூன்றில் நடுப்படியைக் காணோம். கால் வைத்த பிறகு கிடைத்தது. நல்லவேளை, சீனி பார்க்கவில்லை.

ஜூலை 22, புதன்

கனியிடம் கறையைப் பற்றி எல்லாம் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாதே என்ற நிபந்தனையோடு.

"எப்ப எல்லாம் தெரியுது?"

"மட்டம் பார்க்கும்போது."

"மட்டம்னா?"

"ஒரு கண்ணை மூடி."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "அப்பா, எங்க கம்பெனியில ஒரு வழி உண்டு. தப்பு எங்கன்னு தெரியலைன்னா ஒவ்வொரு பாகமா கழட்டிக்கிட்டே வரணும். எதைக் கழட்டினதும் தப்பு போகுதோ அதுலதான் தப்பு. எல்லாத்தையும் கழட்டுங்க. ஒண்ணு விடாம. கழட்டிட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கும்.

ஜூலை 23, வியாழன்

கழட்டினேன்.

காலையில் கோழி. கறை போகவில்லை. அடுத்து செங்கல் மெமரி. போகவில்லை. வரி எண்ணும் கவுண்டர், புள்ளி எண்ணும் கவுண்டர், வரி முடிக்கும் பெட்டி எல்லாம். ஒரு மாதம் இழுத்த வயர். கடைசியில் திரையும் அதற்கு எப்போதும் ஒன்று என்று கரண்டு கொடுக்கும் ஒரே ஒரு வயரும்தான் மிச்சம். திரை முழுக்க வெறும் வெள்ளை. கறை நிற்கிறது.

அந்த வயரையும் எடுத்தேன். லேப்டாப்பை மூடினேன். வலது கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தேன். நான் பூசின சுவர், கோணல் உள்ள அந்த இடம். அதன் மேலே கறை.

திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சோதித்துவிட்டேன். இந்தப் பக்கம் இருப்பது ஒன்றுதான்.

காலண்டர் முன்னால் போய் நின்றேன். இடது கண்ணை மூடினால் தேதி, கிழமை, ராகு காலம், கீழே கடைப் பேர், எல்லாம் தெரிகிறது. வலது கண்ணை மூடினால் தேதி இருக்கிற இடத்தில் ஓட்டை.

இதை ஜூன் பதினாறாம் தேதியே செய்திருக்கலாம். அன்று கண்ணை மூடாமலா இருந்தேன்?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் கை நிற்காது. அன்றைக்குச் சாரத்தில் பலகை சறுக்கவில்லை. பலகையின் முனை எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. ஒரு மாதமாகவே இடது பக்கம் அப்படித்தான் இருந்தது, தூசி என்று நினைத்தேன். பலகை இன்னும் ஒரு அடி இருக்கிறது என்று நினைத்து, இல்லாத இடத்தில் கால் வைத்தேன். கயிறு, முடிச்சு, பலகை எல்லாம் சரியாக இருந்தது. விழுந்து கிடந்து மேலே பார்த்தபோதே தெரியும். அவன் ஓடி வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்தான். முதல் வார்த்தையாக, "என்னடா பலகை கட்டின" என்றேன்.

ஜூலை 24, வெள்ளி

முதலில் கனிக்கு போன். "எல்லாத்தையும் கழட்டிட்டேன் தாயி. போகலை." அவள் அழுதாள். சளி இல்லை. அவளுக்குப் புதன்கிழமையே தெரிந்திருக்கிறது. நானாகக் கண்டுபிடித்தால்தான் கேட்பேன் என்றும் தெரிந்திருக்கிறது.

பிறகு மேஸ்திரிக்கு. மூணாம் மாடிக்கு வர முடியாது என்றேன். ஏன் என்றார். காரணத்தைச் சொன்னேன், பலகையையும் சேர்த்து. சத்தமாக, தெருவுக்குக் கேட்கிற மாதிரி. கேட்டால் நல்லதுதான், பேர் வைத்ததும் தெருவுக்குக் கேட்கத்தானே வைத்தேன்.

பிறகு வீரபுத்திரன் வீட்டுக்கே நடந்து போனேன். அவன் வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, பலகை சரியாத்தான் இருந்துச்சு."

"தெரியும் மச்சான். பலகை இல்லாத இடத்துல நீங்க கால் வச்சதைப் பார்த்தேன்."

"தெரியுமா? தெரிஞ்சா ஏண்டா ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டே இருந்த?"

"நீங்க விழுந்து கிடந்தீங்க. உங்க கண்ணு சரியில்லைன்னு நான் சொன்னா, மேஸ்திரி உங்களையும் கூப்பிட மாட்டாரு. ரெண்டு வீட்ல ஒரு வீட்லயாவது வேலை இருக்கட்டும்னு பார்த்தேன்."

நான் ஏதாவது கேலியாகச் சொல்ல வேண்டிய இடம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவன் முறுக்கி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

சீனியிடம் இன்று சாயங்காலம் சொன்னேன். கறை என்று மட்டும். எத்தனை நாளாக என்று கேட்டாள். "ரெண்டு மூணு நாளா" என்றேன்.

ஜூலை 27, திங்கள்

இது சீனியம்மாள் எழுதுவது. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் மருந்து விட்டதால் எழுத்து தெரியாதாம். மதுரை ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். தம்பி வீரபுத்திரன் டீ வாங்கப் போயிருக்கிறான். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று எழுதச் சொல்கிறார். எழுதியாச்சு.

டாக்டரம்மா சின்ன வயசு, நம்ம கனியைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். எத்தனை நாளா என்று கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஜூன் பதினாறு சாயங்காலத்திலிருந்து" என்றார். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு வயராச் சோதிச்சுக்கிட்டு வந்தேம்மா" என்றார். எந்த வயர் என்று அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது.

அப்புறம் கண்ணுக்குள்ளே போட்டோ எடுத்து டிவியில் காட்டினார்கள். ஆரஞ்சு நிறத்தில் பெரிய வட்டம், அதில் வேர் மாதிரி நரம்பு. நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கறை. ரத்தம் கசிந்து தேங்கி நிற்கிறதாம், சர்க்கரையால். இவர் என் முழங்கையைப் பிடித்து, "சீனி, உனக்குத் தெரியுதா? நடுவுல?" என்றார். தெரியுது என்றேன். "மாப்ள, உனக்கு?" தம்பியும் தெரியுது மச்சான் என்றான். பெரிய பரிசு கிடைத்த மாதிரி சிரித்தார். டாக்டரம்மாவிடம், "இத்தனை நாளா ஒருத்தரும் பார்க்கலம்மா, இப்பத்தான் மூணு பேரு பார்த்திருக்கீங்க" என்றார்.

இடது கண்ணுக்கு ஊசி போட்டாச்சு. எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. லேசர் வைத்தால் காப்பாற்றிவிடலாம், தாமதமாகவில்லை என்றார்கள். சாரம் ஏறக் கூடாது. இதை எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன்.

கழட்டின கோழியைத் திரும்ப மாட்டப் போகிறாராம், ரெண்டு கோழியாக. ஒன்றுக்கு என் பேராம்.

இப்போது லேசருக்குக் கூப்பிடப் போகிறார்கள். காத்திருக்கும்போது இந்த டைரியை முன்னாலேயிருந்து படித்துவிட்டேன். அவருக்குத் தெரியாது. படித்தேன் என்று இப்போது சொல்லப் போவதில்லை.

கொஞ்சமும் பயப்படவில்லை என்று எழுதச் சொல்கிறார். எழுதியாச்சு. எழுதுகிற கையை விட்டால் நன்றாக எழுதுவேன், விட மாட்டேன் என்கிறார்.